காவல் நிலையத்தில் இருப்பவரெல்லாம் போலீஸ் இல்லை

குரூப் ஃபோர் எழுதித் தேர்வாகி, கலந்தாய்வில் காவல் துறையைத் தேர்ந்தெடுத்து, எஸ்.பி. ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேருகிறார் ஒரு பையன். ஊரில் பேச்சு இப்படித்தான் பரவும்: "நம்ம பையன் போலீஸ் ஆயிட்டான்." அடுத்த வாரமே சித்தப்பாவிடமிருந்து போன் வரும். "டூவீலரைப் பிடிச்சு வெச்சிருக்காங்கப்பா, இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்." அந்த இன்ஸ்பெக்டருக்கும் இந்தப் பையனுக்கும் உள்ள தொடர்பு, அவருடைய ஈட்டிய விடுப்புக் கணக்கு இவர் மேஜையில் இருக்கிறது என்பது மட்டும்தான்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் காக்கி உடுத்திக் கயிறு பிடித்து நிற்பவர் காவலரா, ஊர்க்காவல் படைக்காரரா என்று நம்மில் பலருக்குத் தெரியாது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த பிறகு, 'போலீஸ் நண்பர்கள்' என்ற தன்னார்வலர் அமைப்பின் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. அவர்களுக்குச் சட்டம் என்னதான் கொடுத்திருந்தது என்ற கேள்வி மட்டும் அதிகம் எழவில்லை.

காவல் துறைக்காக வேலை செய்வது வேறு, காவல் அதிகாரம் வைத்திருப்பது வேறு. போலீஸாக நியமிக்கப்படாமல் போலீஸ் வேலைக்குத் துணை நிற்பவர்களை இந்தக் கட்டுரையில் 'சிவிலியன் பணியாளர்' என்று சொல்கிறேன். அவர்கள் யார், அவர்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைத் தமிழ்நாட்டை வைத்தே பார்க்கலாம்.

பஸ் டிப்போவிலிருந்து தொடங்குவோம்

அரசுப் போக்குவரத்துக் கழக டிப்போ ஒன்றில் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், நேரக் காப்பாளர், கிளார்க், கிளை மேலாளர் என்று பலர் இருக்கிறார்கள். கிளை மேலாளர் நினைத்தால் டிரைவருக்கு மெமோ கொடுக்கலாம். ஆனால் கனரக வாகன லைசென்ஸ் இல்லாமல் அவரே பஸ்ஸை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வர முடியாது. லைசென்ஸ் ஓர் ஆளின் பெயரில் இருக்கிறது. நாற்காலியின் உயரத்தாலோ டிப்போவுக்குள் இருப்பதாலோ அது வந்துவிடாது. அதே நேரம், கிளார்க் டூட்டி சார்ட் போடாவிட்டால் லைசென்ஸ் வைத்திருக்கும் அத்தனை டிரைவர்களும் கேட்டருகே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

காவல் துறையும் இப்படித்தான் இயங்குகிறது. கைது செய்யும் அதிகாரம் குறிப்பிட்ட ஆட்களுக்குச் சட்டம் கொடுத்த ஒன்று. கட்டடத்துக்கோ, காக்கித் துணிக்கோ, ஜீப்புக்கோ அது கிடையாது.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் காவல் துறைக்கு அடித்தளம் போட்டது 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம். சென்னை மாகாணம் அதற்கும் 2 ஆண்டுகள் முன்பே, 1859-இல், தனக்கென்று ஒரு மாவட்டக் காவல் சட்டத்தை இயற்றிக்கொண்டது. 1861 சட்டத்தின் 8-ஆவது பிரிவில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. படையில் சேரும் காவலருக்கு ஒரு சான்றிதழ் தரப்படும். அதை வைத்திருப்பதால்தான் போலீஸுக்குரிய அதிகாரங்கள் அவருக்கு வருகின்றன. பதவி போனால் சான்றிதழும் செல்லாது, உடனே திருப்பித் தந்துவிட வேண்டும்.

இந்தச் சேர்ப்பால் கிடைக்கும் அதிகாரங்களில் முக்கியமானது, பிடியாணை இல்லாமல் கைது செய்வது. பிடியாணை என்பது, ஒருவரைக் கைது செய்யச் சொல்லி நீதிமன்றம் எழுதித் தரும் உத்தரவு. அதன் பிறகு வீட்டைச் சோதனையிடுவது, சாட்சிகளை வரச்சொல்லி விசாரிப்பது. போலீஸுக்குள்ளேயே இந்த அதிகாரங்கள் ஒரே அளவில் இல்லை. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதியும் பொறுப்பை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, காவல் நிலையத்தின் பொறுப்பு அலுவலரிடம் கொடுத்திருக்கிறது. கணினியில் யார் தட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது அவர் செய்த பதிவு.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வாசலும் வேறு வேறு. காவலரையும் உதவி ஆய்வாளரையும் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். அங்கே ஓட்டம், கயிறு ஏறுதல், மார்பளவு எல்லாம் உண்டு. எஸ்.பி. ஆபீஸ் இளநிலை உதவியாளரும் தட்டச்சரும் வருவது டி.என்.பி.எஸ்.சி. வழியாக. அவரோடு தேர்வெழுதிய பக்கத்துப் பெஞ்சுக்காரர் கருவூலத்துக்கோ வேளாண் துறைக்கோ போயிருப்பார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அதிகாரம் சட்டப்படியான சேர்ப்பிலிருந்து வருகிறது. ஒருவர் எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டார் என்று தெரிந்தால், அவரால் என்ன செய்ய முடியும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அமைச்சுப் பணியாளர்: கோப்புகளின் உலகம்

இளநிலை உதவியாளர், உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர், கண்காணிப்பாளர் எனப் போகும் அலுவலக வரிசைக்கு அமைச்சுப் பணி என்று பெயர். மாவட்டக் காவல் அலுவலகம், கமிஷனர் அலுவலகம், சென்னை காமராஜர் சாலையில் உள்ள டி.ஜி.பி. அலுவலகம் என்று இவர்கள் பரவியிருக்கிறார்கள்.

இவர்கள் குற்றவாளிகளைப் பார்ப்பது அரிது. பார்ப்பதெல்லாம் போலீஸாரின் வாழ்க்கையைத்தான். சம்பளப் பட்டியல், ஊதிய உயர்வு, பயணப்படி, மருத்துவ விடுப்பு, பணிப் பதிவேடு, ஓய்வூதியக் கருத்துரு, பணியில் இறந்த காவலரின் குடும்பத்துக்குக் கருணை வேலை. ஒவ்வொரு இருக்கைக்கும் 'ஏ1', 'பி3' என்பதுபோல் ஒரு குறி உண்டு. வந்த தபாலைத் தன் பதிவேட்டில் ஏற்றி, குறிப்பு எழுதி, மேலே அனுப்ப வேண்டும். இப்போது சம்பள வேலை பெரும்பாலும் 'களஞ்சியம்' மென்பொருளுக்குப் போய்விட்டது. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும் மாதக் கடைசியில் எந்தத் துறை அமைச்சுப் பணியாளரின் முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

காவலர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பும் இவர்கள் மேஜையைக் கடந்துதான் போகும். இங்கேதான் இரண்டு பணிகளும் வேறு என்பது பளிச்செனத் தெரியும். காவலர் ஒருவர் மீது கடுமையான குற்றச்சாட்டு வந்தால் '3(பி) சார்ஜ்' என்பார்கள். அது 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில் உள்ள பிரிவு. அந்தக் கோப்பை எழுதும் உதவியாளரே தவறு செய்தால் அவருக்கு வருவது '17(பி)'. எல்லா அரசு அலுவலகத்திலும் பயந்து சொல்லப்படும் அதே குடிமைப் பணி விதி. ஒரே கூரையின் கீழ் தண்டனைப் புத்தகம்கூட இரண்டு.

போலீஸே இந்த வேலையைச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், பல இடங்களில் செய்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். மாதக்கணக்கில் கவாத்தும் சட்டமும் துப்பாக்கியும் பயிற்றுவித்து ஒருவரைத் தயார் செய்துவிட்டு, அவரை எக்செல் அட்டவணை போட உட்காரவைத்தால் ரோந்துக்கு ஓர் ஆள் குறைகிறார். மேஜை வேலையைச் சிவிலியன்களுக்கு மாற்றுவதன் அடிப்படை நியாயமே இதுதான்.

ரைட்டர் ஐயா சிவிலியன் இல்லை

வழக்கமான ஒரு தவறு: நிலையத்தில் பெரிய நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருக்கும் ரைட்டரைக் கிளார்க் என்று நினைப்பது. ரைட்டர் ஒரு காவலர், பெரும்பாலும் தலைமைக் காவலர். நிலையத்தின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் பொது நாட்குறிப்பும் வழக்குக் கட்டுகளும் அவர் கையில் இருக்கும். சீருடை இல்லாமல் லுங்கியோடு டீக்கடையில் நிற்கும், உளவுத் தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவு ஏட்டும் போலீஸ்தான். உடையைப் பார்த்து முடிவு செய்வது இரு பக்கமும் தவறாகப் போகும்.

ஆய்வகத்து வெள்ளைக் கோட்டு

தடய அறிவியல் என்பது குற்ற இடத்தில் கிடைத்த ரத்தம், விஷம், தோட்டா, கையெழுத்து போன்றவற்றை ஆய்வு செய்து நீதிமன்றத்துக்குக் கருத்துச் சொல்லும் அறிவியல். தமிழ்நாட்டில் இதன் வேர் 1849-இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வரை போகிறது. அது பார்த்த முக்கிய வேலை, உடற்கூறுகளில் நஞ்சு இருக்கிறதா என்று தேடுவது. இன்று தடய அறிவியல் துறை உள்துறையின் கீழ் தனித் துறையாக இயங்குகிறது. அதன் அறிவியல் அலுவலர்கள் போலீஸ் படையைச் சேர்ந்தவர்கள் அல்ல.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணியையும் கம்பியையும் உடல் பாகங்களையும் வைத்து, குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவியவர் அப்போதைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன். அவர் யாரையும் கைது செய்யவில்லை, செய்யவும் முடியாது. யாரைத் தேட வேண்டும் என்பதைச் சொன்னார்.

இவர்கள் போலீஸுக்கு வெளியே இருப்பதில் ஒரு காரியம் இருக்கிறது. புலன்விசாரணை, அதாவது குற்றம் பற்றிய ஆதாரங்களைத் தேடிச் சேர்க்கும் வேலை, நடத்துகிற அதிகாரிக்குத் தன் ஊகம் சரியாக இருக்க வேண்டும் என்ற ஆசை இயல்பாகவே இருக்கும். ஆய்வகத்தில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆய்வு முடிவு 'இல்லை' என்றால் அவர் 'இல்லை' என்று எழுதலாம். அரசு அறிவியல் நிபுணர் சிலரின் அறிக்கையை, அவரை நேரில் அழைக்காமலே சாட்சியமாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. தேவைப்பட்டால் நீதிமன்றம் கூண்டுக்கும் அழைக்கும். புதிய சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த 5 ஆண்டு அவகாசம் தந்திருக்கிறார்கள். அறிவியல் படித்தவர்களுக்கு இந்தப் பக்கம் வேலை கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

வி.ஏ.ஓ.விடம் ஏன் சரணடைகிறார்கள்?

தமிழ்நாட்டு நாளிதழ் படிக்கும் யாருக்கும் இந்த வரி பழக்கம்: "கொலை செய்துவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சரணடைந்தார்." ஸ்டேஷன் இருக்க, ஏன் வி.ஏ.ஓ.?

போலீஸ் அல்லாதவர் என்பதற்கு எவ்வளவு சட்ட எடை இருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒப்புதல் வாக்குமூலம் என்பது 'குற்றத்தை நான்தான் செய்தேன்' என்று ஒருவர் சொல்வது. அதைப் போலீஸ் அலுவலரிடம் சொன்னால், அவருக்கு எதிரான சாட்சியமாக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இதைச் சொன்னது, இன்றைய சாட்சியச் சட்டம் 23-ஆவது பிரிவில் சொல்கிறது. அடித்து வாங்கியிருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம்தான் காரணம். வி.ஏ.ஓ. வருவாய்த் துறைக்காரர், போலீஸ் இல்லை. அவரிடம் சொன்னது அந்தத் தடைக்குள் வராது. ஆகவே அரசுத் தரப்புக்கு அது பிடித்தமான சாட்சியம். முன்பின் அறியாத வி.ஏ.ஓ.வைத் தேடிப் போய் ஒருவர் ஏன் மனம் திறந்தார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் குடைவதும், நீதிமன்றங்கள் இத்தகைய வாக்குமூலத்தை எச்சரிக்கையோடு எடைபோடுவதும் இதனால்தான்.

வி.ஏ.ஓ.வுக்கும் அவருடைய உதவியாளரான தலையாரிக்கும் இன்னொரு வேலையும் வரும். மகஜர் என்பது ஓர் இடத்தில் என்ன இருந்தது, என்ன கைப்பற்றப்பட்டது என்று சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு. சோதனைக்கு அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு தொடர்பில்லாத, மதிப்புள்ள இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அக்கம்பக்கத்தார் "எங்களுக்கு எதுக்குங்க கோர்ட்டு வம்பு" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசியில் போன் போவது வி.ஏ.ஓ.வுக்கு. ஆற்றங்கரையில் பிணம் ஒதுங்கினால் காலை 5 மணிக்கே அந்த போன் வந்துவிடும். பரம்பரையாக வந்த கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு வி.ஏ.ஓ. பதவி வந்தபோது, இவ்வளவு கோர்ட்டுப் படி ஏறுவோம் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ.

மறுபடி ஒருமுறை: அமைச்சுப் பணியாளர் நிர்வாகத்தை ஓட்டுகிறார், அறிவியலாளர் பொருளைப் படிக்கிறார், வி.ஏ.ஓ. பார்த்ததற்குச் சாட்சி நிற்கிறார். மூவரிடமும் கைது அதிகாரம் இல்லை. பின்னிருவருடைய வேலைக்கு மதிப்பே அவர்கள் போலீஸாக இல்லாததில்தான் இருக்கிறது.

காக்கி உடுத்தும் தன்னார்வலர்

ஊர்க்காவல் படையில் இருப்பவர்கள் முழுநேர ஊழியர்கள் அல்ல. கடை வைத்திருப்பவர், தனியார் கம்பெனியில் வேலை செய்பவர், விவசாயி என்று பலரும் இருப்பார்கள். தேர்த் திருவிழா, தேர்தல், வெள்ளம் என்றால் அழைப்பு வரும். பணி செய்த நாளுக்குப் படி உண்டு, மாதச் சம்பளம் இல்லை. இந்த அமைப்பு முதலில் உருவானது 1946 டிசம்பரில், கலவரச் சூழலில் இருந்த பம்பாயில்.

அதிகாரம் அவர்களிடம் எப்படி இயங்குகிறது என்பதற்கு 1947-ஆம் ஆண்டின் பம்பாய் ஊர்க்காவல் படைச் சட்டம் நல்ல மாதிரி. முறைப்படி பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும் நேரத்தில் மட்டும் அவருக்குப் போலீஸுக்குரிய அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், அதே காக்கியில் இருந்தாலும், அவர் நம்மைப்போல ஒருவர்தான். போக்குவரத்து அபராதத்தை எடுத்துக்கொண்டால், அரசு அறிவித்த பதவி நிலையில் உள்ள அலுவலர்தான் அதை வசூலிக்க முடியும். பக்கத்தில் நின்று வண்டியை ஓரங்கட்டச் சொல்பவர் ரசீது போட முடியாது.

'நண்பர்கள்' எங்கே இடறினார்கள்?

போலீஸ் நண்பர்கள் இயக்கத்தை 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கியவர் ஐ.பி.எஸ். அதிகாரி பிரதீப் வி. பிலிப். பொதுமக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையிலுள்ள பயத்தைக் குறைக்க வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். உள்ளூர் இளைஞர்கள் ரோந்துக்குத் துணை போனார்கள், கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த சம்பவத்தில், இந்தத் தன்னார்வலர்களுக்கும் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் சி.பி.ஐ. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் போலீஸார்தான். ஆனால் அதற்கு முன்பே, 2020 ஜூலையில், தமிழ்நாடு அரசு மாநிலம் முழுக்க இந்த அமைப்புக்குத் தடை விதித்துவிட்டது.

தனி மனிதர்களின் குணத்தை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள். அமைச்சுப் பணியாளர் தவறு செய்தால் 17(பி) இருக்கிறது, காவலருக்கு 3(பி) இருக்கிறது. கையில் லத்தியோடு நிற்கவைக்கப்பட்ட தன்னார்வலருக்கு எந்த விதி? போலீஸோடு நிற்கும் தோரணை கிடைத்தது, அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கூடவே வரவில்லை. உச்ச நீதிமன்றம் 2011-இல் சத்தீஸ்கர் தொடர்பான நந்தினி சுந்தர் வழக்கில், போதிய படிப்போ பயிற்சியோ இல்லாத பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்தியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. அங்கே சட்டத்தில் இடம் இருந்தும், ஆட்களைக் குறைந்த மதிப்பூதியத்தில் ஆபத்துக்குள் தள்ளியது பிரச்சினை.

இங்கிலாந்து இதைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. 2002-ஆம் ஆண்டின் போலீஸ் சீர்திருத்தச் சட்டம், சமூக ஆதரவு அலுவலர் என்ற சிவிலியன் பதவியை உருவாக்கியது. சீருடை உண்டு, சம்பளம் உண்டு, போலீஸ் கான்ஸ்டபிளின் கைது அதிகாரம் கிடையாது. சில சூழல்களில் ஒருவரை 30 நிமிடம் வரை, போலீஸ் வரும்வரை, நிறுத்திவைக்கலாம். எது முடியும், எது முடியாது என்று பட்டியலாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தெருவில் நிற்பவரின் எல்லை எதுவென்று சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நமக்கும் கொஞ்சம் அதிகாரம் உண்டு

சிவிலியன் பணியாளருக்குப் போலீஸ் அதிகாரம் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. எந்தக் குடிமகனுக்கும் உள்ளது அவருக்கும் உண்டு. ஒருவர் உங்கள் கண்ணெதிரே கொலை, கொள்ளை போன்ற, ஜாமீனில் விட வேண்டிய கட்டாயம் இல்லாத, பிடியாணையின்றிப் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தால் நீங்கள் அவரைப் பிடிக்கலாம். 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு நேரமும் குறித்திருக்கிறது. பிடித்துக் கம்பத்தில் கட்டி அடிப்பதற்கு இதில் இடமில்லை. அது தனிக் குற்றம்.

இந்த வேலைக்குப் போக நினைப்பவருக்கு

எஸ்.பி. ஆபீஸ் வேலை கிடைத்தால் தயங்க வேண்டாம். மற்றத் துறைகளைவிடக் கொஞ்சம் இறுக்கமான சூழல், மேலதிகாரி சீருடையில் இருப்பார், 'அவசரம்' என்று வரும் தபால் உண்மையிலேயே அவசரமாக இருக்கும். ரகசியக் கோப்புகள் கையில் வரும், வீட்டில் பேசக் கூடாது. இடமாற்றப் பட்டியல் வெளியாவதற்கு முன்பு உங்களுக்குத் திடீரென்று நண்பர்கள் அதிகமாவார்கள்.

பைக்கில் 'போலீஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை இத்தகைய ஸ்டிக்கர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. ஸ்டிக்கரோடு நின்றால் அபராதம். அதற்கும் மேலே போய், தன்னைப் போலீஸ் என்று சொல்லி அந்தப் பதவியின் பெயரால் ஒரு காரியம் செய்தால் குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆவது பிரிவு, ஏமாற்றும் நோக்கில் சீருடை அணிந்தால் 205-ஆவது பிரிவு. துறையிலேயே வேலை செய்கிறேன் என்பது இதற்கு விலக்கு ஆகாது.

பதவி உயர்வில் உதவியாளர், கண்காணிப்பாளர், நிர்வாக அலுவலர் என்று மேலே போகலாம். அந்த ஏணியில் உதவி ஆய்வாளர் என்ற படி இல்லை. அது வேண்டுமென்றால் வயது வரம்புக்குள் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பம் போட்டு, ஓடி, கயிறு ஏறித்தான் வர வேண்டும். சித்தப்பாவின் டூவீலர் விஷயத்துக்கு, ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸையும் எடுத்துக்கொண்டு அவரே ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்கள்.